புத்தாண்டு இலக்குகள்: ஞாயிறு மாலைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மதுரையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கதை எழுதுபவர்கள், படம் வரைபவர்கள், பறை பழகும் கல்லூரிப் பிள்ளைகள், ஆரி வேலை செய்யும் ஒரு அக்கா. மார்கழி பிறந்துவிட்டால் பேச்சு தானாகவே அடுத்த வருஷத்தின் பக்கம் திரும்பிவிடும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் புத்தாண்டிலிருந்து தொடங்குவது? ஜனவரி 1-ஆ, தை 1-ஆ, சித்திரை 1-ஆ?

மூன்றும் நமக்கு இருக்கின்றன, மூன்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஜனவரி 1 அன்று இலக்கை எழுதுங்கள். அன்றிலிருந்து போகி வரை ஏறக்குறைய 13 நாள் வெள்ளோட்டம். அந்த நாட்களில் எது நடக்கிறது, எது வெறும் ஆசை என்று தெரிந்துவிடும். போகியன்று வீட்டில் பழைய பாயையும் துடைப்பத்தையும் கழிக்கும்போது, பட்டியலில் ஆகாததையும் அடித்துவிடுங்கள். தை 1 முதல் மிச்சமிருப்பதுதான் உண்மையான இலக்கு. சித்திரை 1, கணக்குப் பார்க்கும் நாள்.

ஜனவரி 1 அன்றே எல்லாம் முடிவாகிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் ஜனவரி 10-க்குள் மனம் விட்டுப்போகிறார்கள்.

எத்தனை இலக்கு வைக்கலாம்?

இரண்டு. சொந்த வாழ்க்கைக்கு ஒன்று, படைப்புக்கு ஒன்று.

நான் ஒரு வருஷம் டைரியின் முதல் பக்கத்தில் ஏழு எழுதினேன். நாவல், நடைப்பயிற்சி, இந்தி, சேமிப்பு, வீணை, வாரம் ஒரு புத்தகம், கோபத்தைக் குறைப்பது. பொங்கல் முடிவதற்குள் ஏழும் கையை விட்டுப் போய்விட்டன. சோம்பேறித்தனம் என்றுதான் அப்போது என்னையே திட்டிக்கொண்டேன். காரணம் அதுவல்ல என்பது அப்பாவின் தோட்டத்தை நினைத்தபோதுதான் விளங்கியது.

திருமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகை இருந்தது. நவம்பர் கடைசியில் அப்பா செடிக்குத் தண்ணீர் பாய்ச்சி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் போல விட்டு, மேலே இருப்பதையெல்லாம் கவாத்து வெட்டிவிடுவார். பச்சைப்பசேல் என்று நிற்கும் செடியை அப்படி வெட்டுவதைப் பார்க்கச் சிறு வயதில் எனக்கு அழுகை வரும். மார்கழி, தை மாதப் பனியில் பூ வரத்து குறைந்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த நேரத்தில் எங்கள் தோட்டம் மொட்டைக் குச்சியாக நிற்கும். "இப்ப வெட்டாட்டிப் பங்குனியில பூ இல்ல" என்பார் அப்பா. மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும். பழைய கிளை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு செடியால் புதுத் துளிர் விட முடியாது.

அதனால் என்னிடம் யார் பட்டியலோடு வந்தாலும் முதலில் கேட்பது இதுதான்: எதை வெட்டப் போகிறீர்கள்? காலை நேரத்தைத் தின்னும் வாட்ஸ்அப் குழுவா, மூன்று வருஷமாகப் பாதியில் கிடக்கும் வேறொரு முயற்சியா, யாருக்கும் 'முடியாது' என்று சொல்லாமல் ஒப்புக்கொள்ளும் வேலைகளா? வெட்டுவதை எழுதிய பிறகு வளர்ப்பதை எழுதுங்கள். ஜனவரியில் பூவை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சொந்த இலக்குக்கும் படைப்பு இலக்குக்கும் என்ன வேறுபாடு?

நடப்பது, தூங்குவது, கடனை அடைப்பது எல்லாம் முன்னால் போட்ட பாதையில் போவது. போனால் போய்ச் சேரலாம். படைப்பில் எங்கே போய்ச் சேர்வோம் என்று தொடங்கும்போது தெரியாது. அதனால் நடைக்கு "மார்ச்சுக்குள் ஐந்து கிலோமீட்டர்" என்று முடிவைக் குறித்து வைக்கலாம், கதைக்கு அப்படிக் குறிக்க முடியாது. கதைக்கு உட்காரும் நேரத்தைத்தான் குறிக்கலாம்.

ஆனால் ஒன்றையொன்று தாங்கும். எங்களில் ஒருவர் இரவு பத்தரைக்குப் படுப்பதை மட்டும் சொந்த இலக்காக வைத்தார். அந்த ஒன்றினால் காலையில் ஒரு மணி நேரம் கிடைத்து, வருஷக் கடைசியில் ஒரு குறுநாவல் கையில் இருந்தது.

இலக்கை எப்படி எழுத வேண்டும்?

உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். "பத்திரிகையில் என் கதை வர வேண்டும்" என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. "நான்கு கதை முடித்து அனுப்புவேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. பரிசு, பாராட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் வந்தால் மகிழ்ச்சி. இலக்கில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்து, அளவு. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மதுரையில் சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் துணியைச் சிறு புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சிடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் தோய்த்து, காயவைத்து, முடிச்சைப் பிரித்தால்தான் புள்ளி தெரியும். முடிச்சுப் போடுகிறவர் சேலையை நினைத்து மலைத்துக்கொண்டிருந்தால் விரல் நகராது. அவருக்கு முன்னால் இருப்பது இந்த ஒரு முடிச்சு. இப்போது அச்சடித்த சுங்குடிதான் கடைகளில் அதிகம், கை முடிச்சுச் சேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தால் விரித்துப் பாருங்கள், ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது.

உங்கள் வேலையில் ஒரு முடிச்சு எது என்று கண்டுபிடியுங்கள். எழுதுபவருக்கு அரைப் பக்கம். வரைபவருக்கு உள்ளங்கை அளவில் ஒரு படம். பறை பழகுபவருக்கு ஒரே அடியை இருபது நிமிஷம். பிறகு இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், வியாழன், சனி, காலை 5.30 முதல் 6.15 வரை, சமையலறை மேசையில், அரைப் பக்கம்." நாள், நேரம், இடம், அளவு, நான்கும் இருக்க வேண்டும். "இந்த வருஷம் நிறைய எழுதணும்" என்பதில் நான்கில் ஒன்றுகூட இல்லை.

நேரமே இல்லையே, என்ன செய்வது?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே நேரம் இல்லை. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு வரை நிற்பவருக்கு, "அதிகாலையில் எழுந்திருங்கள்" என்று நான் எப்படிச் சொல்வேன்? எங்களோடு வரும் ஒரு தம்பி அப்படிப்பட்ட கடையில் இருக்கிறார். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வரை பஸ்ஸில் வரும்போது மூன்று வரி. அதுவும் உட்கார இடம் கிடைத்த நாளில் மட்டும். கடைக்கு வருபவர்கள் பேசுவதில் காதில் விழுந்த ஒரு பேச்சு, அவ்வளவுதான். வருஷக் கடைசியில் பழைய பில் புத்தகங்களின் பின்பக்கம் முழுக்க மனிதர்களாக இருந்தார்கள். நான் படித்தவற்றில் மிகவும் உயிருள்ள குறிப்புகள் அவை.

வீட்டில் இருக்கும் பெண்கள் இதே கேள்வியைக் கேட்டால் மார்கழியை நினைவுபடுத்துவேன். அந்த மாதம் முழுக்க, பனியில், விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். புள்ளி வைத்து, சிக்கு எடுத்து, பூசணிப்பூ வைத்து, ஒரு நாள் போட்டதை மறுநாள் போடாமல். யாரும் அதை 'முப்பது நாள் சவால்' என்று சொல்வதில்லை. அந்த அரை மணி நேரத்தைத் தை பிறந்ததும் வீடு திரும்ப எடுத்துக்கொள்ளும். விடாதீர்கள். கோலத்துக்கு எழுந்த அதே நேரத்துக்கு எழுந்து, அதை உங்கள் நோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் நீங்கள் எழுந்திருப்பது ஏற்கெனவே பழகியிருக்கும்.

இலக்கை மற்றவர்களிடம் சொல்லலாமா?

ஒருவரிடம் சொல்லுங்கள், போதும். கேலி செய்யாதவராக, மாதம் ஒரு முறையாவது "என்னாச்சு?" என்று கேட்பவராக இருக்கட்டும். ஊருக்கே அறிவித்தால், அறிவித்த அன்றே பாதி முடித்த திருப்தி வந்துவிடுகிறது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

செயலி வைத்துக் கணக்கு வைப்பது நல்லதா?

நாற்பது பக்க நோட்டு போதும். போனைக் கணக்குக்காகத் திறந்தால் வேறு எதற்காகவோதான் மூடுகிறோம்.

இடையில் விட்டுப்போய்விட்டால்? தேதியை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் காரணத்தோடு மாற்றுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியின் தேர் எந்த வீதியில் ஓடுகிறது என்று வெளியூர்க்காரர்களைக் கேட்டால் சித்திரை வீதி என்பார்கள். ஓடுவது மாசி வீதிகளில். திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன என்றும், அது அறுவடைக் காலமாக இருந்ததால் சுற்றுப்பட்டு மக்கள் வர முடியவில்லை என்றும், திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தார் என்றும் சொல்வார்கள். மாசி வீதி என்ற பெயர் அப்படியே இருக்கிறது. எப்போது நடந்தால் எல்லாரும் வந்து வடம் பிடிக்க முடியுமோ அப்போது வைத்தார்கள், இன்று சித்திரையில் ஊர் கொள்ளாத கூட்டம்.

உங்கள் இலக்கு மாசியில் நின்றுபோனால், என்ன அறுவடை குறுக்கே வந்தது என்று பாருங்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வா, கணக்கு முடிக்கும் மார்ச் மாதமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? அப்படியென்றால் அந்த மாதங்களை முதலிலேயே விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். அடுத்த வருஷமும் அதே மார்ச் வரத்தானே போகிறது.

காரணமே இல்லாமல் விட்டுப்போனால், அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஒருவேளை அது உங்கள் ஆசை இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடைய ஆசை. நான் வீணையை விட்டது அப்படித்தான். வருத்தமே வரவில்லை என்பதிலிருந்து தெரிந்துகொண்டேன். இதில் ஒரு சொல்லையும் கவனியுங்கள்: 'சபதம்' என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் தவறினாலும் முறிந்துபோகும். இலக்குக்குப் போகும் வழியில் ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து நடக்கலாம். விட்ட நாட்களுக்கு வட்டி போட்டு, "இன்று ஆறு பக்கம்" என்று உட்காராதீர்கள். அதுதான் ஆளை நிரந்தரமாக விரட்டும்.

எப்போதெல்லாம் சரிபார்ப்பது?

மாதா மாதம் பார்த்தால் அலுத்துவிடும், வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் காலம் கடந்துவிடும். நம் ஊரில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளுக்கே மாதம் பெயராக இருக்கிறது. திருவிழாவை மறக்க இந்த ஊர் விடாது, அதோடு இலக்கையும் கட்டிவிடுங்கள்.

தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். அதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். சித்திரைப் பௌர்ணமியில் அழகர் வைகையில் இறங்கும்போது கால் பங்காவது முடிந்திருக்க வேண்டும். ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து பங்கு போட்டபோது, வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. அவளுக்காகக் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டை வாங்கிக்கொண்டு இறைவனே மண் சுமந்தான் என்பது கதை. என் வழக்கம், ஆவணியில் மட்டும், "தனியாக முடியாத பங்கு எது, யாரைக் கேட்பது?" என்று பார்ப்பது. கேட்டால் வருகிறார்கள். அப்புறம் கார்த்திகை தீபத்தோடு புது வேலை எதையும் தொடங்காமல், இருப்பதை முடிக்கும் காலம்.

புத்தகமாகவோ கண்காட்சியாகவோ கொண்டுவர ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிறார்களே, அவர்களுக்குப் புரட்டாசிக் கொலு என்பது பல மாதம் முன்பே தொடங்கும் வேலை. களிமண் காய வேண்டும், சூளையில் வேக வேண்டும், வண்ணம் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நாள் பிடிக்கும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். கொலு முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்குப் போய்விடுவார்கள்.

அண்மை வருஷங்களில் மதுரைப் புத்தகத் திருவிழா செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தமுக்கம் மைதானத்தில் நடக்கிறது. அதில் உங்கள் தொகுப்பு இருக்க வேண்டுமென்றால், அச்சுக்கு ஒரு மாதம், மெய்ப்புப் பார்க்க ஒரு மாதம், இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு மாதம் விடுங்கள். கையெழுத்துப் பிரதி மே மாதமே முடிந்திருக்க வேண்டும். நீங்கள் ஜனவரியில் முதல் கதையையே இன்னும் எழுதவில்லை என்றால், இந்த வருஷம் எழுதும் வருஷம். புத்தகம் அடுத்த வருஷம் வரட்டும். வேகாத பொம்மையை யாரும் கொலுவில் வைப்பதில்லை.

வீட்டில் இடம் இல்லை. மதுரையில் எங்கே உட்கார்ந்து வேலை செய்வது?

படிக்கவும் எழுதவும் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலை 15-இல் திறந்தார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் நமக்கும் எழுந்து போகத் தோன்றாது. வரைபவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையும், அடிவாரத்துத் தாமரைக் குளமும், அய்யனார் கோயிலும். காலையில் போங்கள், பாறை சூடேறிவிடும். மாலையில் தெப்பக்குளத்துச் சுவர். சத்தம் இருக்கும், ஆனால் மனித முகங்களுக்குப் பஞ்சம் இல்லை.

சின்ன இலக்கு வைத்தால் சின்ன ஆளாகவே இருந்துவிட மாட்டோமா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதற்குப் பதில் மேலமாசி வீதியில் இருக்கிறது.

1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரையில், அந்த வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தொப்பியையும் சட்டையையும் விட்டு முழங்கால் வரை ஒரு வேட்டி மட்டும் உடுத்தத் தொடங்கினார். கதர் வாங்கப் பணம் இல்லையே என்ற ஏழைகளுக்கு, குறைந்த துணியே போதும் என்று தானே உடுத்திக் காட்ட நினைத்தார். இது எல்லாருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது, அவர் அப்போது வெளியிட்ட அறிக்கையில் வைத்த கெடு: குறைந்தது அக்டோபர் 31 வரை. ஐந்து வாரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். "சாகும்வரை" என்று சொல்லவில்லை. கெடு முடிந்தது, உடை மாறவில்லை. 1948 வரை அந்த எளிய உடைதான். சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தம் தோய்ந்த துணி, தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறந்த காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து அங்கே ஒரு மாலையில் நடந்தே போகலாம்.

அது புத்தாண்டு நாளும் இல்லை. அதனால் ஜனவரி தாண்டிவிட்டதே என்று கேட்பவர்களுக்கும் இதுவேதான் என் பதில்.

பிள்ளைகளுக்கும் இலக்கு எழுதச் சொல்லலாமா?

அவர்களாகக் கேட்டால் மட்டும். நீங்கள் தினமும் நோட்டோடு உட்காருவதை அவர்கள் பார்க்கட்டும்.

மனத்தில் நிறைய இருக்கிறது. எதை முதலில் எடுப்பது?

இன்னொருவரின் வயதைப் பொறுத்தது எதுவோ, அது முதலில்.

என் அம்மாச்சிக்குக் கதை தீராது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு. இன்று அகராதியில் தேடினாலும் கிடைக்காத சொற்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, யார் வீட்டுக் கிணறு எந்த வருஷம் தூர்ந்தது என்ற கணக்கு எல்லாம் அவரிடம் இருந்தன. அவற்றைப் பதிவு செய்து எழுத வேண்டும் என்பது மூன்று வருஷம் என் பட்டியலில் இருந்தது. நாளோ நேரமோ போடாமல், "அம்மாச்சி கதைகள்" என்று மட்டும். முதல் வருஷம் நாவல் முந்திக்கொண்டது. இரண்டாம் வருஷம் வேலை மாற்றம். மூன்றாம் வருஷம் சித்திரையில் போய் ஒரு மதியம் உட்கார்ந்தேன். மிச்சத்தை லீவில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். ஆடியில் அம்மாச்சி போய்விட்டார். நாவலை இப்போதும் எழுதலாம். அதை இனி எழுத முடியாது.

உங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர் யாராவது இருந்தால், உங்கள் படைப்பு இலக்கு எதுவாக இருந்தாலும் பொங்கல் லீவில் நான்கு மதியங்களை இதற்குக் கொடுங்கள். இதை மட்டும் நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களிடம் என்ன கேட்பது? எப்படித் தொடங்குவது?

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால், "என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிடுவார்கள். பொருளைக் காட்டிக் கேளுங்கள். இந்த உரல் யார் வாங்கியது? கல்யாணத்துக்கு வண்டி கட்டி வந்தீர்களா? பந்தியில் என்ன போட்டார்கள்? பஞ்சம் வந்த வருஷம் என்ன சாப்பிட்டீர்கள்? சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் மதிய நேரம் நல்லது. இருபது நிமிஷம் போதும், களைத்துவிடுவார்கள். இடையில் திருத்தாதீர்கள், தேதி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முடிந்ததும் அவர் பெயர், ஊர், அன்றைய தேதி மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அன்றைக்கே இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள்.

போனைக் கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். புழுக்கமாக இருந்தாலும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். என்னிடம் இருப்பது 11 நிமிஷம். அதில் பாதிக்கு மேல் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.